பழி யார் தலையில்?

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவர் இல்லத்தில் வாசகர் பத்துப் பன்னிருவர் கூடியிருந்தோம். ஆசிரியர் சிலரும், வங்கி உத்தியோகஸ்தர் சிலரும், வழக்கறிஞர் ஒருவரும், கிள்ளானிலிருந்து இரயிலேறி வந்த தோட்டத்துக் கிராணியாகிய நானும் அக்கூட்டத்தில் இருந்தோம். எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நாவல். இந்நாட்டில் ஈப்போவில் வளர்ந்து, பின்னர் வெளிநாடு சென்று வாழும் தமிழ்ப் பெண்மணி பிரீத்தா சமரசன் ஆங்கிலத்தில் எழுத, 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஈவினிங் இஸ் த ஹோல் டே' என்பதே அந்நூல்.

கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சியார், "இது இருண்ட குடும்பக் கதை. நம் வீட்டு அழுக்கை வெள்ளைக்காரன் சந்தையில் விரித்துப் போட்டு நம் மானத்தைக் கப்பலேற்றிவிட்டது" என்றனர். மற்றொரு கட்சியார், "அப்படிச் சொல்லாதீர்கள். பாட்டி எவ்வாறு இறந்தாள், அவளைத் தள்ளியவர் யார் என்னும் மர்மம் கடைசி ஏடு வரையில் நம்மைத் தூங்கவிடவில்லையே! இதைவிட ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்?" என்றனர். தர்க்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. அவ்வளவு நேரத்திலும், அந்த நாவலில் பழி சுமந்து வெளியேறும் வேலைக்காரப் பெண்ணின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. "அந்த வேலைக்காரி", "அந்தப் பெண்" என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் அவ்வாறே சொன்னேன். இரயிலில் திரும்பும்போதுதான் அது என் நெஞ்சில் தைத்தது. அவள் பெயர் செல்லம்.

அக்கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்ல வேண்டியது என் கடமை.

நாவலைப் படியாதவர் பொருட்டுக் கதையின் உருவத்தை மட்டும் கூறுகிறேன், முடிவைக் கூறேன். ஈப்போ நகரில் ஒரு பெரிய வீடு. சுதந்திரம் வந்த காலத்தில் ஸ்காத்லாந்துத் துரை ஒருவர் விற்றுச் சென்றதைத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாங்கிக்கொண்டது. வீட்டுத் தலைவர் சீமையிலே படித்த வழக்கறிஞர். அவர் மனைவி பக்கத்து வீட்டு எளிய குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, அவ்வீட்டின் மேட்டிமைக்குள் அமிழ்ந்து போனவள். மூத்த மகள் உமா மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லுகிறாள். இளையவள் ஆஷாவுக்கு வயது ஆறு. பேய்களோடு பேசுமளவுக்குத் தனித்துவிடப்பட்ட குழந்தை. அவ்வீட்டுப் பாட்டி மர்மமான முறையில் இறக்கிறாள். பாட்டியைப் பார்த்துக்கொள்ள இரப்பர்த் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள் செல்லம். 1980 ஆம் ஆண்டு செப்டம்பர் 6 ஆம் நாள் அவள் அவமானத்துடன் வெளியேற்றப்படுவதில் கதை தொடங்குகிறது. தொடங்கிய கதை முன்னே போகவில்லை. பின்னோக்கி நடந்து, அந்த நாளுக்கு நாம் எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பதைச் சிறிது சிறிதாகத் திறந்து காட்டுகிறது.

முதற் கட்சியாரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மானம் போயிற்று என்கிறார்களே, எவருடைய மானம்? பெரிய வீட்டின் மானமா, செல்லத்தின் மானமா? பெரிய வீட்டார் மறைக்க விரும்பியவற்றை ஒரு நூல் வெளியிட்டால் சமூகத்தின் மானம் போய்விடுகிறதாம். தோட்டத்துப் பெண் ஒருத்தி செய்யாத குற்றத்தைச் சுமந்து தெருவில் நின்றால் அதனால் சமூகத்தின் மானத்துக்கு ஒரு குறையும் நேரவில்லையாம். இது என்ன கணக்கு? நோயை மறைத்தவன் வீட்டில் பிணம் விழும் என்பதை அறியாதவர் யார்? நூலின் தலைப்பேகூட அயலாருடையது அன்று. குறுந்தொகையில் மிளைப்பெருங்கந்தன் பாடிய 234 ஆம் செய்யுளின் கருத்து அது. மாலைக் காலம் எது என்று அறியாதார் ஏதேதோ சொல்ல, துணையைப் பிரிந்தவளுக்கோ பகல் முழுதும் மாலையாகவே இருக்கிறது. ஏ. கே. இராமானுசன் ஆங்கிலத்தில் பெயர்த்த சொற்களையே ஆசிரியை தம் நூலுக்குச் சூட்டினார். ஆகவே, வெள்ளைக்காரனுக்காக எழுதிய நூல் என்று ஒதுக்குவோர் அட்டையைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

மேலும் ஒன்று. அந்தப் பெரிய வீட்டின் மூலபுருடர் யார்? 1899 ஆம் ஆண்டில் வங்கக் கடலைக் கடந்து பிழைப்புத் தேடி வந்தவர் என்று நாவல் சொல்லுகிறது. அதாவது, செல்லத்தின் முன்னோர் எவ்வாறு வந்தனரோ அவ்வாறே வந்தவர். இரண்டு தலைமுறைக்குள் ஒரு கிளை பெரிய வீட்டில் ஏறி உட்கார்ந்தது. மற்றொரு கிளை லயத்திலேயே நின்றுவிட்டது. ஏறி உட்கார்ந்த கிளை, தன்னைப் போன்று வந்தவளையே 'வேலைக்காரி' என்னும் ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டது. நாவலில் சில இடங்களில் அவள் பெயர் தனித்து நிற்பதில்லை. 'செல்லம்' என்பதையும் 'வேலைக்காரி' என்பதையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி ஆசிரியை எழுதுகிறார். பெயரும் தொழிலும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிப்போன அந்த ஒரு சொல், நம்மைப் பற்றி நூறு பிரசங்கங்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

நிற்க. இரண்டாம் கட்சியாரிடம் வருகிறேன். இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. துப்பறியும் கதைகளின் சுவையை நானும் அறிவேன். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிய தடித்த புத்தகங்கள் என் பாட்டனார் பெட்டியில் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' இருந்தது. பதிப்பின் மேல் பதிப்பாக விற்று, பின்னர்ப் படமாகவும் வந்த கதை. அதிலும் ஒரு குடும்பம், ஒரு கொலைச் செய்தி, குற்றமற்ற ஒருவன் மேல் பழி. ஆனால் அங்கே துப்பறியும் கோவிந்தன் வருகிறார். பொய்யைக் கிழிக்கிறார், உண்மையை நிறுத்துகிறார், பழி நீங்குகிறது. வாசகன் புத்தகத்தை மூடிவைத்து நிம்மதியாகத் தூங்குகிறான்.

ஏன் கோவிந்தன் வந்தார்? பழி சுமத்தப்பட்டவன் மதிப்புள்ள வீட்டுப் பிள்ளை. அவனுக்காகப் பரிந்து பேச ஆள் உண்டு. செலவழிக்கப் பணம் உண்டு. அவன் சொல்லைக் கேட்க நீதிமன்றம் உண்டு. செல்லத்துக்கு ஒரு துப்பறியும் கோவிந்தன் இல்லை! அவளுக்குப் போலீசு விசாரணை இல்லை, வழக்கு இல்லை, சாட்சிக் கூண்டுகூட இல்லை. அவள் வேலைசெய்த வீடோ வழக்கறிஞர் வீடு! ஐயந்திரிபற நிரூபித்தாலன்றி ஒருவனைக் குற்றவாளியென்று சொல்லலாகாது என்பதைத் தொழிலாகவே கற்றவர் அவ்வீட்டுத் தலைவர். அந்த நியாயம் நீதிமன்றத்து வாசலிலே நின்றுவிடுகிறது; அவருடைய சமையற்கட்டுக்குள் அது நுழைவதில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் சொல் அங்கே சாட்சியமாகிறது. செல்லத்தின் சொல் ஒரு சொல்லாகவே மதிக்கப்படவில்லை. அவளுடைய சம்பளத்தையும் குடிகாரத் தந்தை முனியாண்டி வந்து வாங்கிக்கொண்டு போகிறான். கூலி அவன் கைக்கு, பழி அவள் தலைக்கு!

ஆராயாது தீர்ப்பளிப்பதன் கொடுமையை உலகுக்கு எடுத்துக் காட்டிய காப்பியம் நம்முடையது என்று மேடைதோறும் முழங்குகிறோம். பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி சிலம்போடு வந்து நின்றாள், சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, பிழையை உணர்ந்த அரசன் உயிரையே விட்டான். செல்லத்திடம் உடைத்துக் காட்ட எந்தச் சிலம்பும் இல்லை. அவளுக்காக அரண்மனை வாசலுக்கு வந்தவரும் இல்லை. உண்மையை அறிந்த பின்னும் பெரிய வீட்டில் எவரும் அரியணையிலிருந்து விழவில்லை. ஆகையால், 'பாட்டியைத் தள்ளியவர் யார்?' என்ற கேள்வியோடு இந்நூலைப் படித்து முடிப்பவர், பெரிய வீட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் படித்து முடிக்கிறார். இந்நூல் கேட்கும் கேள்வி வேறு: 'பழி ஏன் இவ்வளவு சுலபமாக இவள் தலையில் ஏறிற்று?' கொலை செய்த கை ஒன்றாக இருக்கலாம். பழியைத் தூக்கி வைத்தவை பல கைகள்.

நூலிலே எனக்கும் ஒரு குறை உண்டு. பெரிய வீட்டார் ஒவ்வொருவருடைய மனத்திலும் மூலைமுடுக்கெல்லாம் விளக்கேந்திச் சென்று காட்டுகிற ஆசிரியை, செல்லத்தின் மனத்துக்கு அவ்வளவு வெளிச்சம் தரவில்லை என்பது என் கருத்து. அவள் படும் பாட்டைக் காண்கிறோம். அவள் எண்ணியதை அவ்வளவாகக் கேட்கவில்லை. அன்றியும், மிக அலங்காரமான ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நூலைச் செல்லத்தின் உறவினர் படித்தறிவது எவ்வாறு? என்னைப் போல் ஆங்கிலப் போதனையில் பயின்றவர்க்கே அகராதி வேண்டியிருக்கிறது. ஆயினும், இக்குறைக்காக ஆசிரியையை நான் கடிந்துகொள்ளேன். பெரிய வீட்டின் சன்னலிலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவையே அவர் உண்மையாக எழுதினார். லயத்து வாசலிலிருந்து பார்த்து எழுத வேண்டிய நூல் நம்மிடமிருந்தல்லவா வரவேண்டும்? நாம் எழுதாததற்கு அவரைக் குறை கூறுவது, சமையாத வீட்டுக்காரன் விருந்திட்டவனை ஏசுவது போலாகும்.

இனி, இவ்வளவு ஆத்திரம் உனக்கு ஏன் என்று நேயர் கேட்கலாம். சொல்லுகிறேன்.

என் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். என் தந்தையார் கிராணியானார். நானும் கிராணியானேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பள்ளி விடுமுறைக்கு நகரத்து உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கே, காப்பார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலைக்கு இருந்தாள். பதினாறு வயதிருக்கும். ஒரு நாள் வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தை எடுத்து நான் விளையாடினேன். அது கைநழுவிச் சாக்கடையில் விழுந்தது, தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மாலையில் கடிகாரத்தைக் காணோமென்று வீடு அமர்க்களப்பட்டது. என்னைக் கேட்டார்கள். "காலையில் அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்" என்றேன். அது பொய்யன்று, அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது மெய்தான். பொய்யினும் கொடியதைச் செய்தேன். மெய்யைக்கொண்டே பழி சுமத்தினேன். வேறு கேள்வி எதுவும் எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. மறுநாள் அவள் தந்தை மோட்டார்சைக்கிளில் வந்தார். இரண்டு மாதச் சம்பளத்தைக் கடிகாரத்துக்கு ஈடாகப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒரு துணிப்பையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும்போது அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று அன்றே எனக்குத் தோன்றிற்று.

பின்னர் அவ்வுறவினரிடம் உண்மையைச் சொன்னேன். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. அவர்கள் சிரித்தார்கள். "அது எப்போதோ நடந்தது, விடப்பா" என்றார்கள். அவள் பெயரைக் கேட்டேன், ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும் நினைவில்லை. நாள்தோறும் காலையில் பிரட்டுக் களத்தில் நின்று நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் கிராணி நான். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அவருடைய நாட்கூலி போய்விடும் என்பதால் இருமுறை சரிபார்ப்பவன். நான் எழுத வேண்டிய முதற் பெயர் எனக்குத் தெரியாது.

கிராணி வகுப்பைப் பற்றியும் ஒரு சொல். 1941 ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களிடம் தகாது நடப்பதை நிறுத்துதல் என்பவற்றோடு வேறொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது அது. துரைக்கு மட்டுமா இறங்கினார்கள்? தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தருக்கும் இறங்க வேண்டியிருந்தது. அந்த ஆசிய உத்தியோகஸ்தரில் தமிழ்க் கிராணிகளும் அடங்குவர். துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். இறங்கி நில் என்று சொல்லும் மனம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. அது நகரத்துக்குக் குடிபெயர்ந்து சமையற்கட்டில் குடியேறிற்று.

2007 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள் கோலாலம்பூர்த் தெருக்களில் பல்லாயிரம் தமிழர் திரண்டனர். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்கள்மேல் பாய்ந்தன. தோட்டத்தாரும் நகரத்தாரும் அன்று தோளோடு தோள் நின்றனர். அடுத்த ஆண்டிலேயே இந்நாவல் வெளிவந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை எனினும், இரண்டையும் சேர்த்தே நான் படிக்கிறேன். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறியது போலத் தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது, லயத்துக் குடும்பங்கள் போக்கிடமின்றி நின்றதற்கு அரசாங்கத்தையும் கம்பெனிகளையும் கணக்குக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், இன்னும் உரக்கக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அக்குடும்பங்களின் பெண்மக்கள் நம் வீடுகளில் என்ன பாடுபட்டார்கள் என்று நம்மைக் கணக்குக் கேட்பவர் யார்? அந்தக் கணக்கைக் கேட்கிற நூல் இது. அதனால்தான் மானம் போயிற்றென்று பதறுகிறோம்.

"அதெல்லாம் 1980 ஆம் ஆண்டுக் கதை, இன்று எந்தத் தமிழ் வீட்டில் செல்லம் இருக்கிறாள்?" என்று சிலர் கூறுவர். என் பதிவேட்டைப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்தில் இன்று நான் எழுதும் பெயர்களில் பெரும்பாலானவை தமிழ்ப் பெயர்கள் அல்ல. வங்காள தேசத்தார், இந்தோனேசியர் பெயர்கள். நகரத்துச் சமையற்கட்டிலும் அப்படியே. செல்லம் போகவில்லை, அவள் பேசும் மொழிதான் மாறிற்று. 2018 ஆம் ஆண்டு பிப்ரவரியில் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் இந்தோனேசியப் பணிப்பெண் ஒருத்தி, வீட்டு வாசல் தாழ்வாரத்தில் புண்பட்ட உடம்போடு கிடந்து, மீட்கப்பட்ட மறுநாள் மாண்டாள். எசமானி மேல் வந்த கொலை வழக்கு 2019 இல் விடுதலையில் முடிந்தது. 2022 இல் கூட்டரசு நீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதிசெய்தது. அத்தீர்ப்பின் நியாயத்தை நான் இங்கே ஆராயவில்லை. மூன்று நீதிமன்றங்கள் எசமானியின் வழக்கை எடுத்துக் கேட்டன, அது முறைதான். அம்முறையில் நூற்றில் ஒரு பங்கேனும், மேசை துடைக்கும் பெண்ணொருத்தி மேல் நம் வீட்டில் பழி எழும்போது நாம் கைக்கொண்டதுண்டா என்பதே என் கேள்வி.

சட்டமும் அவளுக்கு நெடுங்காலம் கதவடைத்தே வைத்திருந்தது. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பல பாதுகாப்புகளிலிருந்து வீட்டு வேலைக்காரரை விலக்கி வைத்தது. 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 'வேலைக்காரர்' என்பதை நீக்கிப் 'பணியாளர்' என்று பெயர் மாற்றிற்று. பெயர் மாறியது நன்றே. ஆனால் குறைந்தபட்சச் சம்பள ஆணையின் வாசலில் அவள் இன்னும் வெளியேதான் நிற்கிறாள். சட்டம் முற்றும் திருந்தும் வரையில் நாம் காத்திருக்க வேண்டுமா? நம் வீட்டுக்குள் நாமே அல்லவா சட்டம்?

ஆகையால், தோட்டத்துத் தோழர்களுக்கும் நகரத்து அன்பர்களுக்கும் நான் வேண்டுவது இது. இந்நூலைப் படியுங்கள், ஆங்கிலம் அறிந்தவர், அறியாதவர்க்கு வாசகசாலையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து கதையாகச் சொல்லுங்கள். வீட்டில் பணி செய்பவளின் சம்பளத்தை அவள் கையிலேயே கொடுங்கள். தந்தையானாலும் தரகனானாலும் வேறு கையில் கொடாதீர்கள். ஒரு பொருள் காணாமற்போனால், அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவளை அனுப்ப நேர்ந்தாலும், குற்றம் இன்னதென்று சொல்லி, அவள் சொல்லையும் கேட்டு, கணக்கைத் தீர்த்து அனுப்புங்கள். பின்னர் உண்மை வேறாகத் தெரிந்தால், எத்தனை ஆண்டு சென்றாலும், அவள் ஊரைத் தேடிச் சென்று சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நானே இன்னும் செய்யவில்லை. காப்பார்ப் பக்கத்துத் தோட்டங்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றுட் சில இப்போது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. முன்பு அங்கிருந்த முதியோர் சிலரைக் கண்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. இந்நாட்டில் எங்கோ, நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, தாம் எடுக்காத ஒரு கடிகாரத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார். இதை அவர் படிக்க நேர்ந்தால், அல்லது எவரேனும் அவருக்குப் படித்துக் காட்ட நேர்ந்தால், அறிந்துகொள்ளட்டும்: கடிகாரத்தை எடுத்தவன் நான்.

— கிள்ளான் தோட்டத்துக் கிராணி ஒருவன்